பன்னிரண்டாயிரம் டிகிரி நீலம்

வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டு, கையுறையைக் கழற்றி இடுப்பில் சொருகிக்கொண்டு, ஞானபூரணி இரும்புப் படியில் ஏறிக்கொண்டிருக்கிறார். மணி ஆறேமுக்கால். ஒரு கையில் தேநீர் டம்ளர், இன்னொரு கையில் தடுக்காமல் தூக்கிப் பிடித்த சேலை. பதினேழு படிகளும் அவரே பற்றவைத்தவை. ஒன்பதாவது படியில் நின்று வானத்தைப் பார்ப்பார். வெளிச்சம் மிச்சமிருந்தால் அங்கேயே ஒரு வாய் தேநீர் குடிப்பார். "இன்னும் ஆறல" என்பார். பகல் இன்னும் ஆறவில்லை என்று அர்த்தம்.

மொட்டைமாடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கிறது. அதன் நான்கு கால்களில் இரண்டு உடைந்துபோய், அந்த இடத்தில் இரும்புக் குழாய் முளைத்திருக்கிறது. அதில் உட்கார்ந்து, முகத்தில் படிந்த கரியைத் துடைக்காமலே, முதல் நட்சத்திரம் வரும்வரை காத்திருப்பார். வந்ததும் அதன் பெயரைச் சொல்ல மாட்டார். சூட்டைத்தான் சொல்வார். "ஒம்பதாயிரத்து எழுநூறு வந்திருச்சு" என்றால் சிரியஸ் என்ற நட்சத்திரம். "மூவாயிரத்து முந்நூறு" என்றால் திருவாதிரை.

மானகிரியிலிருந்து காரைக்குடிக்குப் போகும் சாலையோரத்தில் அவர் பட்டறை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. "அந்தத் தகரம் ஒரு வேலைக்கு ஆகும்ல, அதுல போயி எதுக்குப் பேரு" என்பார். ஊரில் எல்லோரும் பூரணியக்கா பட்டறை என்றுதான் சொல்கிறார்கள். கேட், கிரில், டிராக்டரின் உடைந்த கொக்கி, கலப்பைக் கொழு, கல் கொத்துகிறவர்களின் உளி என்று எதுவானாலும் அங்கே போகிறது. அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. தொழிற்பயிற்சி படித்தபோது வெல்டிங் வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண். சேலைக்கு மேலே கணவரின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு இருபத்தாறு வருடமாக நெருப்போடு நிற்கிறார். கணவர் மரியப்பன் பக்கத்தில் மூன்று ஏக்கர் வைத்து விவசாயம் பார்க்கிறார். சாந்தமானவர். மனைவி மாடிக்குப் போகும் நேரத்துக்குத் தேநீர் போட்டு வைப்பது அவர் பொறுப்பு.

நான் முதல்முறை போனது எங்கள் வீட்டு கேட்டின் கீல் விட்டுப்போனதற்காக. கீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், அதைப் பற்றி எதுவும் சொல்லாமல் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்க பத்திரிகையில எழுதுறவுகளாமே. செவப்புச் சூடா, நீலம் சூடா?"

சிவப்பு என்றேன்.

"அப்படித்தான் எல்லாரும் சொல்றாக" என்றார், வருத்தத்தோடு. ஒரு கம்பியை எடுத்து நெருப்பில் வைத்தார். கம்பி முதலில் மங்கலாகச் சிவந்தது. பிறகு ஆரஞ்சு, பிறகு மஞ்சள், அப்புறம் கண் கூசும் வெள்ளை. "பாத்தீகளா. செவப்புத்தான் இருக்கிறதுலயே கொறஞ்ச சூடு. வெள்ளைக்கு மேல ஏத்துனா இரும்பு உருகி ஓடிரும். ஓடாம இன்னும் ஏத்த முடிஞ்சா நீலத்துக்குப் போகும். நம்மகிட்ட அதுக்கு வழியில்ல. மேல இருக்கிறது உருகுறதுக்கெல்லாம் பயப்படாது. அதான் அங்குட்டு நீலம் இருக்கு." கம்பியால் கூரையைக் காட்டினார். கூரைக்கு மேல் வானம் இருப்பது எனக்குச் சற்றுத் தாமதமாகத்தான் புரிந்தது.

இந்த விஷயத்தில் அவருக்கு விட்டுக்கொடுக்கும் குணம் கிடையாது. பள்ளத்தூரில் ஒரு பழைய பெரிய வீட்டை விடுதியாக மாற்றியபோது மாடிக் கைப்பிடி வேலைக்கு இவரைக் கூப்பிட்டிருந்தார்கள். வேலை முடிந்து கை கழுவப் போனவர், குழாயில் வெந்நீருக்குச் சிவப்புப் புள்ளியும் தண்ணீருக்கு நீலப் புள்ளியும் இருப்பதைப் பார்த்துவிட்டார். நேராக மேலாளரிடம் போய், "கொழாய மாத்தி மாட்டிட்டாக" என்றார். மேலாளர் பதறிப்போய் ஓடி வந்து திறந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தது. "தண்ணி சரியாத்தான் வருது. புள்ளிதான் தப்பு" என்று நின்று விளக்கியிருக்கிறார். மேலாளர் இன்றைக்கும் அவரைச் சாலையில் கண்டால் வண்டியை நிறுத்தி, "அக்கா, புள்ளி இன்னும் மாத்தல" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார்.

நட்சத்திரப் பைத்தியம் பிடித்தது பதினோரு வருடத்துக்கு முன்னால். மொட்டைமாடிக்குப் படி பற்றவைத்து முடித்த அன்று, அது ஆடுகிறதா என்று பார்க்க மேலே ஏறியிருக்கிறார். தை மாதத்து மாலை. கிழக்கே வரிசையாக மூன்று நட்சத்திரம். அதற்கு ஒரு பக்கம் ஒரு சிவப்பு, மறுபக்கம் ஒரு நீலம் ஓடிய வெள்ளை. "ரெண்டும் ஒரே உலையில காஞ்சது இல்லையேன்னு பட்டுச்சு" என்கிறார். யாரிடமும் கேட்கவில்லை. சிவப்பு சூடு குறைந்தது, வெள்ளை சூடு கூடியது என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார்.

அந்த முடிவு சரி என்று தெரிந்தது ஒரு பேருந்தில். பள்ளத்தூர் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் நித்யஸ்ரீ மடியில் விடைத்தாள் கட்டோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இவர் எட்டிப் பார்த்தார். ஒரு தாளில் நட்சத்திரம் என்று எழுதியிருந்தது.

"ஏன் டீச்சர், செவப்பு நட்சத்திரந்தான சூடு கம்மி?"

நித்யஸ்ரீ பேனாவை மூடிவிட்டார். "இந்தக் கட்டுல நாப்பத்தியொரு பேப்பர் இருக்கு. அதுல முப்பது பேரு செவப்புத்தான் சூடுன்னு எழுதியிருக்காங்க. உங்களுக்கு யார் சொன்னது?"

"இரும்பு சொல்லுச்சு" என்றார் ஞானபூரணி.

அன்றிலிருந்து இரண்டு பேரும் சிநேகிதிகள். முப்பத்தைந்து வயது நித்யஸ்ரீ மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலைப் பேருந்தில் வந்து இறங்குவார். மாடியில் இரண்டாவது நாற்காலி விரியும். நித்யஸ்ரீ சூட்டைச் சொல்லச் சொல்ல, ஞானபூரணி பட்டறையின் இரும்புக் கதவில் சாக்பீஸால் எழுதிக்கொள்வார். திருவாதிரை 3,300. ரோகிணி 3,600. சூரியன் 5,500. சிரியஸ் 9,700. அந்த மூன்று நட்சத்திரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் நீல வெள்ளையின் பெயர் ரைகல். அதற்குப் பன்னிரண்டாயிரம். "ரைகல்னா ஏதோ கருங்கல்லு பேரு மாதிரில இருக்கு" என்று சிரித்தாராம். எல்லாம் மேல்தோலின் சூடு, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், உள்ளே போகப் போகக் கோடிக்கணக்கு என்று நித்யஸ்ரீ சொன்னபோது மட்டும் எழுதவில்லை. "உள்ள நமக்கு வேலையில்ல" என்றார்.

அந்தப் பட்டியலில் அவருக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் முதல் வரியில் இருந்தது. அவருடைய காஸ் வெல்டிங் சுடரின் உச்சச் சூடும் ஏறத்தாழ மூவாயிரத்து இருநூறு. "டீச்சர், அப்ப நான் இருபது வருசமா கையில திருவாதிரையப் பிடிச்சுக்கிட்டா வேலை பாத்திருக்கேன்" என்று கேட்டவர், மறுநாள் வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னார். அப்படியானால் அந்தச் சுடர் ஏன் சிவப்பாக இல்லாமல் நீலமாக இருக்கிறது என்று தானே மடக்கிக்கொண்டு, ஒரு மாதம் நித்யஸ்ரீ வரும்வரை தவித்தார். அது எரிகிற வாயுவின் சொந்த நிறம், காய்ந்த பொருள் ஒளிர்கிற நிறம் வேறு என்று நித்யஸ்ரீ சொன்ன பிறகே அவருக்குச் சாப்பாடு இறங்கியது.

பட்டறை முற்றத்தில் வெள்ளை பெயிண்டில் ஒரு பெரிய வட்டம் உண்டு. குறுக்களவு பதினான்கு அடி. நடுவில் ஆணி அடித்து, நூல் கட்டி, பிசகில்லாமல் இழுத்தது. அதன் மையத்தில் மிளகளவு பேரிங் குண்டு ஒன்றைப் பதித்து வைத்திருக்கிறார். குண்டு சூரியன். வட்டம் திருவாதிரை. பட்டறைக்கு வருகிறவர்கள் தெரியாமல் அதற்குள் வந்து நிற்பார்கள். "நீங்க இப்ப திருவாதிரைக்குள்ள நிக்கிறீக" என்பார். எழுநூறு சூரியனை வரிசையாக அடுக்கினால்தான் அதன் குறுக்களவு வரும். பக்கத்தில் ஒரு முழ அகலத்தில் இன்னொரு வட்டம், அது ரைகல். அதற்கும் பக்கத்தில் ஒரு ரவை அளவு புள்ளி. அதுவும் சிவப்பு நட்சத்திரம்தான், சூரியனுக்கு மிக அருகில் இருப்பது, ஆனால் வெறும் கண்ணுக்குத் தெரியாது. "ரவையும் செவப்பு, பதினாலடியும் செவப்பு. நெறம் சூட்டத்தான் சொல்லும். ஆளு பெருசா சிறுசாங்கிறது தனிக் கணக்கு. இந்தப் பெரிய ஆளுக்குச் சூடு கம்மி, ஆனா ஒடம்பு பெருசு, அதான் இம்புட்டு வெளிச்சம்." இதைச் சொல்லும்போது அவர் கைகள் இரண்டும் விரிந்துகொண்டே போகும். ஒருமுறை பின்னால் நின்ற டிராக்டரில் இடித்துக்கொண்டார்.

கிறிஸ்துமஸ் வந்தால் தெருவில் எல்லா வீட்டிலும் சிவப்புக் காகித நட்சத்திரம் தொங்கும். இவர் வீட்டு மாடியில் இரும்புக் கம்பி நட்சத்திரத்துக்குள் வெள்ளை விளக்கு. "ராஜாக்க மூணு பேரு ஒட்டகத்துல அம்புட்டுத் தூரம் அதப் பாத்துக்கிட்டே வந்திருக்காக. ஆறிப்போன நட்சத்திரமாவா இருந்திருக்கும்?" மாதா கோயிலுக்கு நட்சத்திரம் செய்து கொடுக்கும்போதும் இதையேதான் சொல்வார். அங்கே அவர் பேச்சை ஏற்றுக்கொண்டு வருடம் எட்டாகிறது.

போன கிறிஸ்துமஸில் அந்த விளக்கில்தான் முதல் கோளாறு தெரிந்தது. கடையில் வெள்ளை விளக்கு கேட்டு வாங்கி வந்து மாட்டினார். மஞ்சளாக இருந்தது. திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்து வேறு வாங்கினார். அதுவும் மஞ்சள். மூன்றாவது முறை கடைக்காரர் அலுத்துப்போய் அப்பட்டமான நீல விளக்கைக் கொடுத்துவிட்டார். "இது வெள்ளை" என்று திருப்தியோடு மாட்டினார் ஞானபூரணி. தெருவே நீலத்தில் நனைந்தது. மரியப்பன் வெளியே வந்து பார்த்துவிட்டு, மனைவி இந்த வருடம் ஏதோ புதிய நட்சத்திரத்தைப் பிடித்துவிட்டார் என்று நினைத்து உள்ளே போய்விட்டார்.

இரண்டாவது கோளாறு பெத்தன் வழியாக வந்தது. பெத்தன் கல் கொத்துகிறவர். படிக்கல், தூண், திருகை என்று எதுவானாலும் செய்வார். பதினைந்து வருடமாக அவர் உளிகளுக்குப் பதம் போடுவது ஞானபூரணிதான். அந்த வேலையை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். உளி முனையைச் சிவக்கக் காய்ச்சி, நுனியை மட்டும் தண்ணீரில் முக்கி எடுப்பார். நுனி அப்போது கண்ணாடி மாதிரிக் கெட்டிப்பட்டிருக்கும், அடித்தால் தெறித்துவிடும். உடனே அதைத் தேய்த்துப் பளபளப்பாக்குவார். உளியின் உடம்பில் மிச்சமிருக்கும் சூடு மெல்ல நுனியை நோக்கி நடக்கும். அது நடக்க நடக்க இரும்பின் மேல் நிறங்கள் ஓடும். முதலில் வைக்கோல் மஞ்சள், அப்புறம் பழுப்பு, அப்புறம் ஊதா, கடைசியில் நீலம். ஊதா நுனியைத் தொட்ட அந்தக் கணத்தில் முழு உளியையும் தண்ணீரில் போட வேண்டும். நீலம் வரை விட்டால் முனை மெத்தென்று ஆகிவிடும். "இது தோல் நெறம், இரும்பு மேல படியிற நெறம். நட்சத்திரத்துல இருக்கிறது ஒடம்பே எரியிற நெறம். ரெண்டையும் கொழப்பிக்கிறாதீக" என்று என்னை எச்சரித்திருக்கிறார்.

பெத்தன் உளியோடு திரும்பி வந்தார். முனை மடங்கியிருந்தது. இரும்பு சரியில்லை என்று சொல்லி மறுபடி பதம் போட்டுக் கொடுத்தார் ஞானபூரணி. அதுவும் மடங்கியது. மூன்றாவது முறை வந்தபோது பெத்தன் உட்காரவில்லை.

"அக்கா, தப்பா எடுத்துக்கிறாதீக. குன்றக்குடியில ஒரு வீட்டுக்குப் படிக்கல்லு வேலை ஒத்துக்கிட்டிருக்கேன். ஒரு நாளைக்கு நாலு உளி மடங்குனா நான் எப்ப முடிக்கிறது. காரைக்குடியில ஒருத்தருட்டக் குடுத்துப் பாக்குறேன்."

"குடுத்துப் பாரு" என்றார் அவர். அவ்வளவுதான் பேச்சு. இருபத்தாறு வருடத்தில் இதற்கு முன் அவர் வேலை ஒன்றும் திரும்பி வந்தது இல்லை. அன்று முழுக்க யாரையும் வட்டத்துக்குள் நிற்பதாகச் சொல்லவில்லை.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை நானும் மாடியில் இருந்தேன். நித்யஸ்ரீ வருவதற்கு முன்பே கதவில் ஒரு திருத்தம் நடந்திருந்தது. ரைகலுக்கு நேரே பன்னிரண்டாயிரம் அழிக்கப்பட்டு ஆறாயிரம் என்று இருந்தது. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

"என்னக்கா இது?" என்றார் நித்யஸ்ரீ.

"ஆறிருச்சு டீச்சர். ரெண்டு வருசமாப் பாக்குறேன், கொறைஞ்சுக்கிட்டே வருது. இப்பப் பழைய பித்தளை மாதிரி இருக்கு."

"அக்கா, ரைகல் ரெண்டு வருசத்துல பாதியா ஆறாது. ஆறினா உலகத்துல பாதிப் பேர் வேலையை விட்டுட்டு அதைத்தான் பாத்துக்கிட்டிருப்பாங்க."

"அவுக பாக்காம விட்டிருக்கலாம்ல. நான் தினம் பாக்குறேன்."

நித்யஸ்ரீ சிரிக்கவில்லை. அதுவே எனக்கு விசித்திரமாக இருந்தது. அவர் அன்று இளம் ஊதா நிறத்தில் சேலை கட்டியிருந்தார். பேச்சை மாற்றுகிற மாதிரி, "என் சேலை எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"நல்லாருக்கு. இந்தப் பழுப்பு உங்களுக்கு எடுப்பா இருக்கு."

கீழே சாலையில் ஒரு பேருந்து போயிற்று. நித்யஸ்ரீ எழுந்து வந்து அவர் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"அக்கா, எடது கண்ணப் பொத்திக்கிட்டு ரைகலப் பாருங்க."

"பாத்தாச்சு. வெள்ளை. கொஞ்சம் அழுக்கு."

"இப்ப வலது கண்ணப் பொத்துங்க."

ஞானபூரணி கையை மாற்றினார். மறுபடி இடது கண். மறுபடி வலது கண். மூன்று முறை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுக் கையை மெல்லக் கீழே இறக்கினார்.

"இதுல பித்தளை. அதுல வெள்ளை. ஒரு நட்சத்திரத்துக்கு ரெண்டு சூடு எப்படி டீச்சர் இருக்கும்?"

ஞானபூரணி வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப பெத்தன் உளியில தப்பு என்னோடதுதான்" என்றார். "அது ஊதா ஆகி நீலமும் ஆயிருச்சு. நான் இன்னும் பழுப்புன்னு பாத்துக்கிட்டு நின்னிருக்கேன்."

மறுநாள் பட்டறைக் கதவில், நட்சத்திரப் பட்டியலுக்கு மேலே, "பதம் போடுவது இல்லை" என்று எழுதினார்.

இரண்டு கண்ணிலும் புரை. இடது கண்ணில் முற்றியிருந்தது. கண்ணுக்குள் இருக்கும் இயற்கையான லென்ஸ் பழுத்து மஞ்சளாகிவிட்டது, அது நீலத்தை வடிகட்டிவிடுகிறது என்று காரைக்குடியில் மருத்துவர் சொன்னார். அறுவை சிகிச்சைக்குப் பயப்படுகிறாரோ என்று அவர் தைரியம் சொல்ல ஆரம்பித்தார். ஞானபூரணிக்கு வேறு கவலை இருந்தது. வைக்கப்போகிற லென்ஸைக் காட்டச் சொன்னார். மாதிரி ஒன்றைக் காட்டினார்கள். சன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு, புரை குறைவாக இருக்கும் வலது கண்ணால் இன்னொரு முறை பார்த்தார்.

"இதுல லேசா மஞ்சள் ஓடுதே டாக்டர்."

மருத்துவர் கொஞ்சம் அசந்துபோனார். அப்படி ஒரு வகையும் உண்டு, நிறமே இல்லாத வகையும் உண்டு, பெரும்பாலோருக்கு வித்தியாசம் தெரியாது என்றார்.

"எனக்கு நெறமே இல்லாதது வைங்க. எனக்கு ஊதாவுக்கும் நீலத்துக்கும் நடுவுலதான் பொழப்பு."

கட்டு பிரித்த காலையைப் பற்றி மரியப்பன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் நடித்தே காட்டினார். மருத்துவமனைக் கட்டிலில் உட்கார்ந்திருந்த மனைவி முதலில் சுவரைப் பார்த்தாராம். "நேத்துச் சந்தன நெறமா இருந்துச்சு. ராவோட ராவா வெள்ளை அடிச்சிட்டாகளா?" பிறகு கணவரை மேலிருந்து கீழாகப் பார்த்து, இடுப்புக்குக் கீழே பார்வை நின்றதாம்.

"இந்தக் கைலி எப்ப எடுத்தீக?"

"மூணு வருசமா இதத்தான கட்டுறேன், பூரணி."

"இம்புட்டு நீலமாவா?"

"இம்புட்டு நீலமாத்தான்."

அவர் கைலியின் ஓரத்தைப் பிடித்து, முகத்துக்கு அருகே இழுத்து, கட்டம் கட்டமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். செவிலியர் உள்ளே வந்துவிட்டு வெளியே போய்விட்டாராம். "அம்பது வயசுக்கு மேல எனக்கு இப்படி ஒரு வெக்கம்" என்று சொல்லிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார் மரியப்பன். மறுநாளே காரைக்குடியில் அதே நீலத்தில் இன்னொரு கைலி எடுத்துவிட்டார். இதைத் தன் வாயால் அவர் சொல்லவில்லை. கொடியில் இரண்டு காய்வதை நான்தான் பார்த்தேன்.

தூசி ஆகாது, குனியக் கூடாது, நெருப்புப் பக்கம் போகவே கூடாது என்று உத்தரவு. பட்டறைக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை மரியப்பன் வைத்துக்கொண்டார். மாடிக்குப் போகவும் தடை. ஏழு நாள் பொறுத்தார். எட்டாவது நாள் மாலை, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, மரியப்பன் முன்னாலும் நித்யஸ்ரீ பின்னாலுமாக, பதினேழு படிகளையும் எண்ணி ஏறினார். வானம் இருட்டிய பிறகு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார்கள். அந்த மாசி மாதத்தில் ரைகல் தெற்கே நல்ல உயரத்தில் நின்றது.

வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, புதுக் கண்ணால் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நித்யஸ்ரீ பொறுமை இழந்து, "என்னக்கா தெரியுது?" என்றார்.

"நான் முன்னாடி சொன்னதெல்லாம் கம்மி டீச்சர்" என்றார் ஞானபூரணி. வாய் சிரித்துக்கொண்டிருந்தது. "பதினோரு வருசத்துக்கு முன்னாடி பாத்ததுகூட இப்படி இல்ல. பன்னண்டாயிரம் டிகிரிய இம்புட்டுப் பக்கத்துல யாரும் பாத்திருக்க மாட்டாக." பிறகு திருவாதிரையைப் பார்த்தார். அங்கிருந்து ரோகிணிக்குப் போனார். மறுபடி ரைகல். கழுத்து வலிக்கிறது என்று மரியப்பன் சொல்லும்வரை, ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுச் சரிபார்க்கிற மாதிரி சூட்டைச் சொல்லிக்கொண்டே போனார். இறங்கும்போது இருட்டில் தடவித் தடவிக் கதவில் ஆறாயிரத்தை அழித்தார்.

வலது கண்ணுக்கும் ஆயிற்று. சித்திரை பிறந்து, மருத்துவர் சரி என்ற பிறகு பட்டறை திறந்தது. அன்று காலையே பெத்தனுக்குத் தொலைபேசி.

"ரெண்டு வருசத்துல நான் பதம் போட்ட உளி எத்தனை இருக்கு?"

"விடுங்கக்கா. அதையெல்லாம் ஓரமாப் போட்டுட்டேன்."

"ஓரமாப் போட்டதத்தான் கேக்குறேன். ஒண்ணு விடாம கொண்டா. கண்ணுல பொரை இருந்திருக்கு பெத்தா. நான்தான் கெடுத்தேன், நான்தான் சரி பண்ணணும்."

பதினோரு உளி வந்தது. இரண்டு நாள் வேலை. உலைக்கு முன்னால் நான் நின்று பார்த்தேன். மஞ்சள் நடந்து வந்தது, பழுப்பு வந்தது. முன்பெல்லாம் அவர் இந்த இடத்தில் கண்ணை இடுக்கிக்கொள்வார். இப்போது புருவம் அகலத் திறந்திருந்தது. ஊதா நுனியைத் தொட்டதும் உளி தண்ணீருக்குள் போயிற்று. "சொய்" என்ற சத்தத்துக்கு மேலே, "வந்துச்சு பாருங்க, திராட்சைப் பழம் கணக்கா" என்றார். பதினோரு முறையும் அதையே, ஒவ்வொன்றும் முதல் உளி மாதிரி, சொன்னார்.

பெத்தன் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னதை அவர் கேட்கவில்லை. உளிகளைச் சாக்கில் சுற்றி மொபெட்டில் வைத்துக் கட்டினார். நானும் பின்னாலேயே என் வண்டியில் போனேன். குன்றக்குடி மலை தெரிகிற தெருவில் ஒரு புது வீடு எழும்பிக்கொண்டிருந்தது. வாசலில் பாதி கொத்திய படிக்கல் கிடந்தது. கல்தூள் படிந்து வெள்ளை வெளேரென்றிருந்த பெத்தன் எழுந்து வந்து, "நீங்க எதுக்குக்கா இம்புட்டுத் தூரம்" என்றார்.

"அடிச்சுக் காட்டு."

அவர் ஒரு உளியை எடுத்துக் கல்லில் நிறுத்தி அடித்தார். சில்லுத் தெறித்தது. நான்கு, ஐந்து, ஆறு அடி. எடுத்து வெயிலில் பிடித்து, கட்டை விரலால் முனையைத் தடவினார். இன்னொரு உளி. அதையும் தடவினார். மூன்றாவதை அடித்துவிட்டுத் தடவிப் பார்க்கவே இல்லை.

"நிக்கிது அக்கா" என்றார். "காரைக்குடியில போட்டதவிட நல்லா நிக்கிது."

ஞானபூரணி சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் சொருகிக்கொண்டார். பெத்தன் கையிலிருந்து சுத்தியலை வாங்கி, படிக்கல்லின் முன்னால் குந்தி உட்கார்ந்து, உளியை நிறுத்தி, ஓங்கி ஒரு போடு போட்டார்.